வராதவர் ஒருவர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பனையடிவிளை பஞ்சாயத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. நீங்கள் எடுத்துப்போன கூட்டக் குறிப்பு நோட்டில் அடித்தல் திருத்தல் ஒன்றும் இருக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆகஸ்டு மாதக் கூட்டத்தின் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1974 ஆகஸ்டு 12, திங்கட்கிழமை, காலை பத்து மணி. வந்திருந்தவர்கள்: தலைவர் செந்தூர்பாண்டி. உறுப்பினர்கள் நயினார், சிவனணைந்தபெருமாள், தேவமணி, ரோச், இசக்கித்தாய். எழுத்தர் பர்னபாஸ், அதாவது நான். வராதவர் ஒருவர்: ஜேசுபாதம்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சாக்குச் சட்டை எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

உப்பிலிருந்து ரசாயனம் எடுக்கும் மெட்ராஸ் கம்பெனி ஒன்று எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. புதுத் துறைமுகம் பக்கம், உப்பு பக்கம், இடம் வசதி என்றார்கள். அவர்கள் கேட்டது மூன்று. ஊருக்கு வடக்கே நாற்பது ஏக்கரைப் பஞ்சாயத்தே வாங்கி அவர்களுக்கு நீண்ட குத்தகைக்கு விட வேண்டும். பத்து வருடம் வரி கூடாது. அந்த நாற்பது ஏக்கருக்குள் இருக்கிற தண்ணீரை வேண்டிய அளவு எடுத்துக்கொள்வார்கள், யாரும் கேட்கக் கூடாது. பதிலுக்கு ஊர் ஆட்கள் அறுபது பேருக்கு வேலை. தருவைகுளம் சாலையிலிருந்து தார் ரோடு. தீர்மானத்தின் நகல் ஆகஸ்டு 12 மாலை ஐந்து மணிக்குள் தூத்துக்குடியில் அவர்களுடைய ஆபீசுக்கு வந்துசேர வேண்டும், வராவிட்டால் வேறு ஊர் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். வடக்கே ஒரு மணல் திட்டில் மட்டும் மூன்று கிணறுகள் நல்ல தண்ணீர். அந்தத் திட்டு நாற்பது ஏக்கருக்குள் இருந்தது.

உறுப்பினர்கள் தலைவரோடு ஏழு பேர். மூன்று பேர் வேண்டும் என்றார்கள், நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். நான்காவது ஆள் ஜேசுபாதம் கம்பவுண்டர். நாசரேத்துக்காரர். மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு, மனைவி ஜீவமணியின் ஊர் என்று இங்கே வந்து குடியிருந்தார். அவர் வராவிட்டால் மூன்றுக்கு மூன்று. அப்போது தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் இரண்டு வருடம் வேதியியல் படித்தேன். பிறகு போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, நானே நின்றுவிட்டேன். ஆறு வருடமாக ஊருக்கு வெளியே இறால் கம்பெனியின் ஐஸ் ரூமில் இரவு ஷிப்ட்; பஞ்சாயத்து எழுத்து வேலை கூட்டம் நடக்கிற நாளில் மட்டும். மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பகலில் தூங்குகிறவனுக்கு ஊரில் சிநேகிதம் இருக்காது, பெண்ணும் கொடுக்க மாட்டார்கள். ரசாயனக் கம்பெனி ஆபீசர் ஜூன் மாதம் வந்தபோது நான் எழுதிய குறிப்பைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டார். வேதியியல் படித்தவன் என்று தலைவர் சொன்னார். லேபுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கும், பகல் வேலை என்று ஆபீசர் சொன்னார். டீ குடித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அதே ஜூனில் அவர்கள் மணல் திட்டில் போர் இறக்கி எட்டு நாள் விடாமல் பம்பு ஓட்டினார்கள். எட்டு நாளும் சாயங்காலம் ஜேசுபாதம் பக்கத்துக் கிணற்றில் ஒரு சீசா தண்ணீர் பிடித்தார். பழைய மருந்துச் சீசா. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டினார். முதல் சீசா இளநீர் மாதிரி இருந்தது. எட்டாவது சீசா வாயில் வைக்க முடியாமல் கரித்தது. பம்பை நிறுத்தி ஒரு மாதத்தில் கிணறு பழையபடி ஆகிவிட்டது. அதனால் சாட்சி அந்த எட்டுச் சீசாக்கள் மட்டும்தான். கூட்டத்தன்று ஆளுக்கு ஒரு மடக்கு வரிசையாகக் குடிக்கக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அதைக் குடித்தால் நயினாரும் மாறிவிடுவார் என்றார். மாறியிருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தச் சீசாக்களை என்னிடம் கொண்டுவந்தார்.

"ஏலே பர்னபாஸ், இத ஒன் ஐஸ் ரூம்ல வச்சிரு. வெளிய கெடந்தா தண்ணி கெட்டுப்போவும். நாளைக்கு ஒருத்தன் இது பழைய தண்ணிம்பான்."

மருந்து கலக்கியவர் புத்தி அது. எதையும் குளிரில் வைத்தால் குணம் மாறாது என்று நினைப்பார். உறைந்தால் சீசா உடையக் கூடாது என்று கால் பங்கு காலி விட்டிருந்தார். அவ்வளவு யோசித்தவருக்கு உப்பு கெடாது என்பது தோன்றவில்லை. சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊர். அந்தச் சீசாக்களை அவர் வீட்டு அடுப்படியில் வைத்திருந்தாலும் எட்டாவது சீசா அப்படியேதான் கரித்திருக்கும். எனக்கு அது தெரியும். நான் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன்.

வாரத்துக்கு ஒரு முறை வந்து சீசாக்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்ள மூன்று சாக்குகளைச் சேர்த்துத் தைத்த சட்டை ஒன்று கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். முழங்கால் வரை வரும். அதைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை சொல்வார்.

"நினிவே பட்டணத்து ராஜா வாரான், வழி விடுலே."

பைபிளில் யோனா தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டு அந்த ராஜா இரட்டு, அதாவது சாக்குத் துணி, உடுத்திக்கொண்டதைச் சொல்கிறார். முதல் தடவை சிரித்தேன்.

எங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை வலை எடுக்க மாட்டார்கள். அதனால் திங்கட்கிழமை காலையில் ஐஸ் ரூமுக்கு இறால் வராது. அன்று பகல் ஷிப்டும் கிடையாது, பெட்டி தூக்குகிற பெண்கள் சாயங்காலம்தான் வருவார்கள். அதுவரை அங்கே நான் மட்டும்தான். நானும் மெஷினை ஓடவிட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போய்விடுவேன். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

ஜேசுபாதம் சீசாக்களை எடுக்க எட்டரை மணிக்கு வந்தார். உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது, வெளிக் கொண்டி தானாக விழுந்துவிட்டது, நான் அப்போது அங்கே இல்லை என்று அன்று சொன்னேன். அது சரியல்ல. கதவை நான்தான் சாத்தினேன். கூட்டம் முடிகிறவரைக்கும் என்றுதான் சாத்தினேன். அவர் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. என் தங்கைக்கு டைபாய்டு வந்தபோது இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து ஊசி போட்டவர் அவர்.

பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நான் பெயர்களை எழுதினேன். ரோச் எழுந்து நின்றுகொண்டார். அவருடைய அப்பா முத்துக்குளித்தவர்.

"கம்பவுண்டர் வராம ஓட்டு எடுக்கப்பிடாது. முத்து போச்சு, சங்கு போச்சு. இப்பம் குடிக்க தண்ணியும் போவட்டும்ங்கியளோ?"

"ஒமக்கு என்னவே," என்றார் நயினார். "கடலு முச்சூடும் தண்ணியா வச்சிருக்கீரு."

எல்லோரும் சிரித்தார்கள், ரோச்சும் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை. பதினொரு மணி வரை பார்த்துவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே பர்னபாஸ், சைக்கிள எடுத்துட்டு ஒரு எட்டு போயி கம்பவுண்டர் எங்கன இருக்காவன்னு பாத்துட்டு வா."

நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஐஸ் ரூமுக்குப் போனேன். கதவு நான்கு அங்குலத் தக்கை வைத்து அடைத்தது, காதை அழுத்தி வைத்தால்தான் ஏதாவது கேட்கும். அழுத்தி வைத்தேன். தட்டிக்கொண்டிருந்தார். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. கையால் தட்டுகிற சத்தம் இல்லை. சீசாவால் தட்டினார் என்று நினைக்கிறேன்.

அங்கே நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கதவைத் திறந்தால் அவர் நேரே கூட்டத்துக்கு வருவார், தீர்மானம் விழுந்துவிடும். ஒருவேளை திறக்கும்போது உயிர் போயிருந்தால், அதுவும் அதே கதைதான். உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் இரண்டு நிமிடம் எழுந்து நின்று, இரங்கல் தீர்மானம் எழுதி, வேறு எதையும் எடுக்காமல் கூட்டத்தைத் தள்ளிவைப்பது எங்கள் பஞ்சாயத்து வழக்கம். முந்தின வருடம் அப்படித்தான் தெருவிளக்குத் தீர்மானம் மூன்று மாதம் தள்ளிப்போனது. மாலை ஐந்து மணிக்கு நகல் போக வேண்டும். அவர் உயிரோடு வந்தாலும் ஆகாது, இறந்தாலும் ஆகாது. இரண்டும் இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் கதவு மூடியிருக்க வேண்டும்.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

"ஏரல்ல ஒரு துட்டி வீடாம். விடியக்காலமே போயிட்டாவளாம்" என்றேன்.

துட்டி வீடு என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். சாவுக்குப் போனவரை ஏன் போனார் என்று கேட்பது மரியாதை இல்லை. இசக்கித்தாய் மட்டும் என்னைப் பார்த்தாள்.

"தண்ணி கொண்டாந்து காட்டுதேன்னு நேத்து சாயங்காலம்கூட சொன்னாவளே. யாரு செத்தாவளாம்?"

"அத கேக்கலக்கா" என்றேன்.

ரோச் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் பேச்சு ஒன்றரை மணி வரை இழுத்தது. மூன்றுக்கு மூன்று வந்தது. தலைவர் தன் இன்னோர் ஓட்டையும் போட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். எங்கள் நோட்டில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். ஊருக்குள் இருக்கிற சண்டை வெளியே தெரிய வேண்டாம் என்பது பழைய தலைவர் காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு. ரோச்சும் தேவமணியும் கையெழுத்துப் போட்டார்கள். இசக்கித்தாய் கைநாட்டு வைத்தாள்.

இரண்டு மணிக்கு நான் போய்த் திறந்தேன். கதவை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியின் ஒரு பாதியை அவிழ்த்துத் தலையில் சுற்றியிருந்தார். சீசாக்கள் மடியில் இருந்தன, ஒன்று மட்டும் உடைந்திருந்தது. மீதி ஏழையும் வெளியே எடுத்து வெயிலில் வைத்தேன். பிறகு பஸ் ஏறித் தூத்துக்குடி போய், நகலைக் கொடுத்து, நாலேகால் மணிக்கு அதற்கு முத்திரை வாங்கினேன். திரும்பி வந்துதான் ஊருக்குச் சொன்னேன்; ஏரல் சங்கதி வழியில் யாரோ சொல்லிக் கேட்டது என்றேன். அதற்குள் சீசாத் தண்ணீர் இளகியிருந்தது. கொட்டிவிட்டுச் சீசாக்களைக் கழுவி வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் எழுதியதும் நான்தான். நன்றாக அமைந்திருந்தது. தலைவர் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

நவம்பரில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வேறு மாவட்டத்தில் பதினைந்து வருட வரிவிலக்கோடு இடம் கொடுத்துவிட்டார்களாம், எங்களுக்கு நன்றியாம். எங்கள் தீர்மானத்தைக் காட்டித்தான் அங்கே பதினைந்து வாங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். நான் இன்னும் இரவு ஷிப்டில்தான் இருக்கிறேன். நீங்கள் கூட்டிவருகிறவரைக்கும் இருந்தேன்.

ஜீவமணி அம்மாள் உங்களிடம் வந்தது எனக்கு ஆச்சரியம் இல்லை. சீசாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதே கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

"இதுல இருந்த தண்ணி எங்கய்யா?"

"செத்த வீட்டுக்கு எதுக்கும்மா அது. கொட்டிட்டேன்."

சீசாக்களைத் தரையில் வைத்தார்கள். வாசல்வரை வந்த பிறகு கேட்டார்கள். "அவிய சாக்குச் சட்டை போடாம உள்ள போவமாட்டாவளே. ஒவ்வொரு வாட்டியும் வந்து நினிவே ராஜா கதையச் சொல்லிச் சிரிப்பாவளே. கெடக்கையில மேல்ல வெறும் சட்டைதான இருந்துச்சு?"

அதற்குப் பதில்தான் நீங்கள் கேட்கிறீர்கள். இதுவரை சொன்னதில் நான் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் இழுத்து மணி அடிக்க ஒரு கயிறு உண்டு. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்து, மணியின் நாக்கில் துணி சுற்றிக் கட்டினேன். சீசாக்களை அவர் வைத்த இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரிசைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். திங்கட்கிழமை அவர் வந்தபோது நான் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஆணியைப் பார்த்தார்.

"எங்கலே என் ராஜ வஸ்திரம்?"

"தொவச்சுப் போட்டிருக்கேன் அண்ணாச்சி. ஒரு நிமிசத்துல எடுத்துட்டு வந்துரப் போறிய."

"அதுஞ் சரிதான். கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றார்.

சாக்குச் சட்டை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருந்தது, நாலாக மடித்து, எனக்கு அடியில். அதை அவர் போட்டிருந்தால் ஒன்றரை மணி வரை தாங்கியிருப்பார், வெளியே வந்து நடந்ததைச் சொல்லியிருப்பார். கூட்டம் முடிகிறவரைக்கும் என்றுதான் சாத்தினேன் என்று மேலே சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், இப்போதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கொண்டி தானாக விழும் என்று சொன்னதும் உண்மைதான். பூட்டு தானாக விழாது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். கொண்டி விழுந்தது. பூட்டினேன்.