கொம்பு முளைக்காத ஆண் வண்டு

சாணி வண்டைக் கையால தொட ஆக்கள் அருவருப்பினம், ஐயா. எனக்குப் பழகிப்போச்சு. எந்த வண்டெண்டாலும் குலசிங்கம் மாஸ்டரிட்டக் கேளுங்கோ எண்டு மூதூர் முழுக்கக் கதை. அதில எனக்குப் பெருமைதான், ஏன் மறைப்பான்.

போன ஆவணியில உங்கட பொலிஸ் ஆக்கள்தான் ஒரு வண்டைப் போத்தலில போட்டுக் கொண்டுவந்தவை. மாட்டு வியாபாரி கனகரத்தினத்தைச் சம்பூர்க் காட்டுக்குள்ள ஆரோ அடிச்சுக் கொலை செய்திருந்தினம். அதுக்குப் பிடிபட்ட மாடு மேய்க்கிற பெடியன் நஸ்ரியோ, அண்டைக்கு முழுநாளும் குறிஞ்சாக்கேணியில எருமைகளோட நிண்டனான் எண்டு சொன்னவன். அவன்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்தது அந்த வண்டு.

அது லேசான வேலை. எருமைச் சாணி வண்டு, யானை லத்தி வண்டு ரெண்டும் கறுப்பு, ஒரே அளவு. தலையைப் பாக்க வேணும். எருமைச் சாணிக்கு வாற வண்டில ஆணுக்குக் கொம்பு, பெண்ணுக்கு நெத்தியில குறுக்கு வரம்பு. காட்டில யானை லத்திக்கு வாறதுக்கு ரெண்டும் இல்லை, தலை மொழுமொழு எண்டிருக்கும். போத்தலில இருந்ததுக்குத் தலையில ஒண்டுமில்லை. லத்தி வண்டு, காட்டில இருந்து வந்தது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான்.

கழுவாமல் பாத்ததுதான் பிழை. ஒரு கிழமைக்குப் பிறகு, ஊசியில குத்தி என்ர வண்டுப் பெட்டியில வைக்கவெண்டு சுடுதண்ணியில தூரிகையால தேய்ச்சனான். காய்ஞ்ச சாணி கழண்டுது. நெத்தியில கடுகில பாதியளவு ஒரு புடைப்பு. புழுவாய் இருக்கேக்க தீன் காணாத ஆணுக்குக் கொம்பு அவ்வளவுதான் வளரும். அது எருமை வண்டு. நஸ்ரி சொன்னது உண்மை.

வழக்குக்கு இன்னும் மூண்டு நாள் இருந்தது. அண்டைக்குப் பின்னேரம் அவன்ர தாய் ஆமினா உம்மா வந்தவ. கதிரையில இருக்கச் சொன்னன், நிண்டுகொண்டே கதைச்சவ.

"மாஸ்டர், இன்னொருக்கா வடிவாப் பாருங்கோவன். என்ட புள்ள பொய் சொல்ல மாட்டான்."

"உங்களுக்காகப் பாக்கிறன், உம்மா," எண்டனான்.

அவவுக்கு முன்னாலயே பூதக்கண்ணாடியை வைச்சுப் பாத்தனான். புடைப்பு வடிவாத் தெரிஞ்சுது. "மாற்றமில்லை," எண்டு சொன்னன். அவ அழேல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனவ. எனக்கும் பாவமாய்த்தான் கிடந்தது. பிறகு அரத்தாள் ஒரு துண்டு எடுத்து அந்தப் புடைப்பை மெல்லமாய்த் தேய்ச்சனான். பத்து நிமிசம் பிடிச்சுது.

நஸ்ரி மறியலில, சிறைக்குள்ள நாலு மாதம் இருந்து, தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் தூக்குப் போட்டுச் செத்தவன். பத்தொன்பது வயசு. செத்தவீட்டுக்கு நானும் போனனான். ஆமினா உம்மா எனக்குத் தண்ணி தந்தவ.

இப்ப கொழும்பில இருந்து வண்டு படிச்ச பிள்ளை ஒண்டு வந்து என்ர பெட்டியைப் பாக்கப் போகுதாம். தேய்ச்ச இடம் அதின்ர கண்ணில படும். அதுதான் முந்தி வந்தனான். நான் ஒருத்தரையும் கொல்லேல்லை, ஐயா. அந்தப் பிள்ளை என்னத்தை எழுதினாலும், அது எருமை வண்டெண்டு முதல் கண்டுபிடிச்சது நான்தான். அதை மட்டும் விடாமல் எழுதுங்கோ.