கரண்ட் இல்லை, சோலார்தான்

என் பெயர் முப்பிடாதி, வயது 52, தகப்பனார் குற்றாலிங்கம், இலத்தூர் கீழத் தெருவில் குடியிருக்கிறேன். மின்பாதை ஆய்வாளராக வேலை பார்க்கிறேன், சர்வீஸ் இருபத்தேழு வருடம். என் கூட வேலை பார்க்கும் கம்பியாளர் இசக்கிமணி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் வலது கையை எடுப்பதா வேண்டாமா என்று டாக்டர் இன்று நாலு மணிக்குச் சொல்வார். எனக்கு இங்கே ஸ்டேஷனில் உட்கார இருப்புக்கொள்ளவில்லை, சீக்கிரம் எழுதுங்கள் என்று ஏட்டையாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நேற்று காலை பத்து மணிக்கு, குற்றாலம் ஐந்தருவி சாலையில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்ததாகத் தகவல் வந்து நானும் இசக்கிமணியும் ஜீப்பில் போனோம். சாரல் விடவே இல்லை. அறுந்த இடத்துக்கு அப்பால் ஒரே ஒரு போஸ்ட், அதிலிருந்து ஒரே ஒரு விடுதிக்கு இணைப்பு. அதன் பிறகு நானே டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிக் கையோடு எடுத்து வந்தேன். அந்த விடுதி மாடியில் சோலாரும், உள்ளே பீரோ உயரத்துக்குப் பேட்டரியும், வாசலில் கார் சார்ஜ் போடும் பெட்டியும் இரண்டு மாதத்துக்கு முன்பு வைத்திருக்கிறார்கள். பேட்டரி வைத்ததை எங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. அங்கே தங்கியிருந்த கொல்லத்துக்காரர் ஒருவரின் கார் சார்ஜ் ஏறிக்கொண்டு நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய.

போஸ்டில் ஏறும் முன் பக்கத்து வீட்டில் குரல் கொடுத்துக் கேட்பது எங்கள் வழக்கம். அதன்படி, "யம்மா, கரண்ட் இருக்கா?" என்று சத்தம் போட்டேன். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜெயசித்ரா ஜன்னலைத் திறந்து, "கரண்ட் இல்லண்ணாச்சி, சோலார்லதான் ஓடுது" என்றாள். அதன் பிறகு இசக்கிமணி, "அண்ணாச்சி, எதுக்கும் டெஸ்டர் வச்சுப் பாத்துருவமா?" என்று கேட்டான். நான், "அதான் இல்லங்காள்லா. ஏறுலே, மழை கூடிரும்" என்றேன். அவன் ஏறினான்.

கம்பியைப் பிடித்தவன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை, தலை மட்டும் வெட்டி வெட்டி ஆடியது. நான் ஐயோ என்று அலறியதில் ஜெயசித்ரா ஓடிப்போய் மெயினை இறக்கினாள், அதன் பிறகுதான் அவன் கை கம்பியை விட்டது. இடுப்பு பெல்ட்டில் தொங்கினான். பேட்டரிக் கரண்ட் மெயின் வழியாகத் திரும்பிக் கம்பிக்கு ஏறியிருக்கிறது. அதைத் தடுக்கும் சுவிட்சை, அங்கே வயரிங் செய்த எலக்ட்ரீசியன் வைக்கவில்லை.

கரண்ட் என்றால் எங்கள் ஊரில் போஸ்டில் வருவதுதான். சோலாரை யாரும் கரண்ட் என்று சொல்வதில்லை, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. ஆனால் நான் அவளைப் போல இல்லை. சோலார் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போடாமல் ஏறாதே என்று மார்ச் மாதம் தென்காசியில் வகுப்பு நடத்தினார்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, வடை தின்றுவிட்டு வந்தேன். எர்த் ராடு ஜீப்பில்தான் கிடந்தது.

இதையெல்லாம் எழுதியபின் ஏட்டையா வாசித்துக் காட்டியபோது, "கரண்ட் இல்லை என்று ஜெயசித்ரா சொன்னதை நம்பி இசக்கிமணி ஏறினான்" என்று இருந்தது. சோலாரில் ஓடுகிறது என்று அவள் சொன்ன மறுபாதியைக் காணோம், ஏறுலே என்று நான் சொன்னதை மொத்தமாகவே காணோம். கேட்டதற்கு, "உமக்கு நல்லதுதானவே எழுதியிருக்கேன், வேலை தப்பும்லா" என்றார். "அப்ப அந்தப் பிள்ள உள்ள போவும்லா சார்? முழுசா எழுதுங்க" என்றேன். மணி பார்த்துக்கொண்டே இருந்தாலும், அடித்துத் திருத்தி எழுதும் வரை பேனாவைத் தொடவில்லை.

அதன் பிறகு இசக்கிமணியின் மனைவி பேராச்சி போன் செய்தாள். "நாலு மணிக்குன்னவுக இப்பமே சொல்லிட்டாவ, கைய எடுக்கணுமாம் அண்ணாச்சி. சம்மதம்னு கையெழுத்துப் போடச் சொல்லுதாவ. நீங்க வந்தாத்தான் போடுவேன்" என்று அழுதாள். அவனை ஏறச் சொன்னது நான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. போனதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை அவள் கையில் கொடுப்பேன்.

மேலே உள்ளது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொன்னது. திருத்தியபின் வாசிக்கக் கேட்டேன், அத்தனையும் நிஜம். மணி இரண்டரை.

(ஒப்பம்) கு. முப்பிடாதி