கசடு கலங்காமல்

பின்னேரம் மூன்றரைக்கு எனக்குத் தேநீர் கொண்டுவருவது தர்மிளாதான். அன்றும் அந்த மழையில் கொண்டுவந்தாள். சாசரில் ஒரு துளி சிந்தியிருக்கவில்லை.

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா அது. இப்போது விருந்தினர் விடுதி. நான் அதன் பொறுப்பாளன். பங்களாவின் அடியில் மலையைக் குடைந்து ஒரு நிலவறை. கொழும்பிலிருக்கும் முதலாளியின் தகப்பனார் சேர்த்த சிவப்பு வைன் அதில் இருந்தது. அதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். நான் குடிப்பதில்லை.

பெரும்பாலான சிவப்பு வைன் சில வருடங்களில் செத்துவிடும். சிலதுதான் நின்றுபிடிக்கும். தேயிலைச் சாயத்தைப் போல அதிலும் துவர்ப்பு உண்டு. அந்தத் துவர்ப்புத்தான் அதைக் காப்பாற்றுகிறது. காலம் போகப்போக அது தளர்ந்து அடியில் கசடாகப் படியும். அதன்பிறகு போத்தலை ஆட்டக்கூடாது. இருட்டு வேண்டும். ஈரமும் வேண்டும், இல்லாவிட்டால் தக்கை காய்ந்து காற்று உள்ளே போய்விடும்.

ஆகவே நிலவறைச் சுவர் கசியத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷம். தக்கைகளுக்கு நல்லது என்று நினைத்தேன். பிறகு கசிவு செம்மண் நிறத்தில் வந்தது. சுவரில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அது என்னவென்று எனக்குத் தெரியும். மீரியபெத்தவில் மலை சரிந்து ஆட்களை மூடிய பிறகு இந்தப் பக்கத்தில் அது தெரியாதவர் இல்லை.

நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிராம சேவகர் தொலைபேசியில் பேசினார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் சிக்னல் இல்லை, அதனால் பங்களாவுக்கு எடுத்தார். மலையை நம்ப முடியாது, பொழுதுபட முன்னர் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன்.

லயம் நிலவறைக்கு நேர் கீழே. எங்களிடம் ஒரு வேன்தான் இருந்தது. சொன்னால் வயதானவர்களையும் பிள்ளைகளையும் ஏற்ற அதைக் கேட்பார்கள். கேட்டால் எனக்கு மறுக்க வராது. அதனால் முதலில் போத்தல்களை கீழே ஹாலிஎலவில் முதலாளிக்கு இருந்த இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். நடந்தே போயிருப்பார்களே என்று கேட்கிறீர்கள். போயிருப்பார்கள். ஆனால் பெட்டிகளை ஏற்ற எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

தர்மிளாவும் அவள் தகப்பன் வீரய்யாவும் ஏற்றினார்கள்.

“எதுக்குங்கய்யா இந்த மழையில?” என்றார் வீரய்யா.

“ஈரத்தில லேபல் பழுதாப் போகுது, வீரய்யா. வேற ஒண்டுமில்லை.”

தர்மிளா சிரித்தாள். “எங்க லயத்துலயுந்தான் கூர ஒழுகுது. எங்க முதுகுலயும் ஒரு லேபலு ஒட்டியிருந்தா ஐயா எங்களயும் ஏத்தியிருப்பாரு.”

“வாய மூடு புள்ள.”

“நெசந்தாம்ப்பா. பழசாக ஆக இதுக்கு மவுசு கூடுதாம். ஒனக்குத்தான் கொறஞ்சுக்கிட்டே போவுது.”

அவள் பெட்டிகளைத் தலையில் வைக்கவில்லை. குலுங்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.

வேன் நிறைந்துவிட்டது. முன்னால் எனக்கும், பெட்டிகளை இறக்க வரும் வீரய்யாவுக்கும் நடுவே ஓர் இடம் மிஞ்சியது.

“நானும் வாரேங்கய்யா. ஹாலிஎலப் பக்கம் போயி எவ்வளவு நாளாச்சு. ஓரமா ஒண்டிக்கிறேன்.”

ஆகப் பழைய பெட்டி இன்னும் வெளியே இருந்தது. பின்னால் வைத்தால் அது தாங்காது.

“அடுத்த முறை, பிள்ளை,” என்றேன்.

நான் பிள்ளை என்று கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்கும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மழையில் நிற்காமல் வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னேன். அவள் நனைந்திருந்தாள்.

வேனை மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் ஏறக்குறைய நிறுத்தினேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், வழிவிட்டேன். கசடு கலங்கக்கூடாது. வீரய்யா வழியெல்லாம் அந்தப் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தார்.

கடைசிப் பெட்டிகளை இறக்கும்போது சேதி வந்தது. நிலவறையும் இல்லை, லயமும் இல்லை. தர்மிளாவை மறுநாள் எடுத்தார்கள். போர்வைக்குள் இருந்தாள். நான் சொன்னபடி படுத்திருந்திருக்கிறாள்.

நான் கூட்டிப்போகாவிட்டால் வீரய்யாவும் போயிருப்பார். ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செத்தவீடு முடிந்த கிழமை முதலாளி ஹாலிஎலவுக்கு வந்தார். போத்தல்களைத் திறந்தார். தக்கைகள் விரலில் பொடிந்தன. வைன் பழுப்பாக இருந்தது, காடி மணத்தது. எல்லாமே அப்படித்தான்.

அது எனக்கு முன்பே தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். போத்தல்களில் கழுத்துவரை இருந்தது தோளுக்குக் கீழே இறங்கி வருடங்களாகிவிட்டன. காற்று உள்ளே போனால்தான் அப்படி இறங்கும். முதலாளியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிலவறைக்கு ஆள் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் திறந்து பார்க்காதவரை எதையும் செத்தது என்று சொல்ல முடியாது. அன்று பெட்டிகளை ஏற்றும்போதும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

எல்லாவற்றையும் ஊற்றிவிடச் சொல்லிவிட்டு முதலாளி கொழும்புக்குப் போனார். கிராம சேவகர் என்னோடு பேசியதை வீரய்யாவுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பின்வாசல் வடிகானில் குந்தியிருந்து போத்தல் போத்தலாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தேன்.

முன் இருக்கைப் பெட்டி வந்தபோது அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். அதிலிருந்த போத்தலைக் கவிழ்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, இதுக்கு எடம் வேணும்னுதானுங்களே புள்ளய விட்டுட்டு வந்தோம்?”