பலகை போட்ட மேசை

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ட்ரில் மெஷின் இருந்துச்சாம்னு கதையாத்தான் சார் ஆரம்பிக்கணும். ஆனா நீங்க மெஷின் வாங்கறதுக்குத் திருப்பதி அலிபிரிலருந்து நகரி வரைக்கும் வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க. எங்கண்ணன் எடது கையால குடுத்தான்னு தப்பா எடுத்துக்காதீங்க. தணிகாசலம்னு பேரு. தறி ஓட்டினவன், மரியாத தெரியாதவன் இல்ல.

சரி, வைங்க. அப்பறமா குடிங்க.

மெஷின் நல்ல மெஷின்தான். மோட்டார் சத்தம் கேட்டீங்க இல்ல? வீட்ல வெச்சு வேல செய்யறவங்க மோட்டாரத்தான் பாப்பாங்க, கீழ சாமான் வெக்கற மேசையப் பாக்க மாட்டாங்க. வேலையே மேசையிலதான சார் நடக்குது.

வட்ட மேசைன்னா மெஷின் கம்பத்தச் சுத்தித் திருப்பிக்கலாம், எங்க ஓட்டை வேணுமோ அத ட்ரில் முனைக்குக் கீழ கொண்டாரலாம். சதுர மேசைல நீளமான சாமான் ஆடாம ஒக்காரும். சாய்க்கற மேசை பாக்க ஆசையா இருக்கும். ஆனா சாச்சதத் திரும்ப நேரா வெக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடும், மூலமட்டம் வெச்சுப் பாக்காம நம்பாதீங்க. எதுவா இருந்தாலும், மேசைல நீளநீளமா தொளை இருக்கணும். அதுல போல்ட் வுட்டு, சாமானக் கவ்விப் புடிக்கற வைஸ முடுக்கணும். இரும்ப வைஸ்தான் புடிக்கணும் சார், கை புடிக்கக் கூடாது.

இதுலயா? தொளை இருக்குதே. பலகைக்கு அடியில.

ஆமா, பலகை நான் போட்டது. மைக்கா ஒட்டி, பின்னால மரம் நகராம அணைகட்டை வெச்சு, ரெண்டு நாளு ஒக்காந்து செஞ்சேன். மர வேலைக்கு. வழவழன்னு இருக்குது இல்ல? வர்றவங்க எல்லாரும் அதத்தான் தடவிப் பாக்கறாங்க. நீங்களும் அதத்தான் தடவிக்கினு இருக்கீங்க.

இல்ல சார், பலகை தர மாட்டேன். மெஷின மட்டும் எடுத்துக்கினு போங்க. பலகைய நானே ஒடைக்கப் போறேன்.

ஏன்னா... ஆடி மாசம் சார். கங்கம்மாவுக்குக் காப்பு கட்டிக்கினு இருந்தான் அண்ணன். மஞ்சக் கயிறு, அஞ்சாறு இழை முறுக்கினது, வலது மணிக்கட்டுல. ஜாத்திரத் திருவிழா முடியற வரைக்கும் அவுக்கக் கூடாது. தறிக்கு ஒரு இரும்புப் பட்டைல ஓட்டை போடணும்னு வந்தான். பலகையக் கழட்டுடா, வைஸ முடுக்கிக்கறேன்னான். நான்தான், ரெண்டு நாள் ஒக்காந்து செஞ்சதுண்ணா, கழட்டினா கெட்டுடும், ஒரே ஒரு ஓட்டைதான, கையாலயே புடிச்சுக்கோன்னேன்.

புடிச்சான்.

பட்டை திரும்பிக்கிச்சு. கயிறு முனைல மாட்டிக்கிச்சு. நான் சுவிட்சுக்கு ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிது. திருப்பதிக்குக் கொண்டுபோனோம். கைய மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. காப்ப அவுக்கற வேலையே இல்லாமப் போச்சு.

தோள்ல துண்டு போத்திக்கினு இருந்தான் இல்ல, அதான் நீங்க பாக்கல.

என்ன சார், எழுந்துட்டீங்க? ...வேணாமா. ரத்தம் பட்ட மெஷின்... சரிங்க சார். நானா இருந்தாலும் யோசிப்பேன்.

அந்தத் தண்ணிய மட்டும் குடிச்சிட்டுப் போங்களேன். ஆஸ்பத்திரிலருந்து வந்தப்பறம் வெளி ஆளுக்கு அவன் ஒண்ணு எடுத்துக் குடுத்தது இன்னிக்குத்தான். ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினு இருக்கான்.

சார்... ஒரு வாய், சார்...