கதவைத் திறப்பதற்கு முன்

– கத்திரிக்கோல் எங்கம்மா? கேக்குறேன்ல, எடுத்துக் குடு!

– கத்தாதே. வெறும் முடிச்சுதான். கையாலேயே அவிழ்க்கலாம்.

– அப்ப அவிழ்த்து விடு.

– மாட்டேன்.

– சீ, பேச்சைப் பாரு! கட்டின புருஷனை நாற்காலியோட சேர்த்துக் கட்டி வச்சிட்டு, மாட்டேனாம். டேய் தம்பி, நீ ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே, பெத்த அப்பாடா! உனக்கு அருவருப்பா இல்ல?

– அதாவது அக்கா... நீ மொதல்ல போய் முகம் கழுவிட்டு வா. குழாயை மெதுவாத் திற, ரொம்ப ஃபோர்ஸா வரும். புடவையை நனைச்சிடும்.

– குழாய் கெட்ட கேடு! இந்த வீட்டுல தண்ணிக்கு இருக்கிற ரோஷம்கூட உனக்கு இல்ல.

– அதாவது, அம்மா சும்மா ஒண்ணும் கட்டலைக்கா. பழைய வேட்டியைக் கிழிச்சு, உள்ள பஞ்சு வச்சு, தானே உக்காந்து தச்சாங்க. வலிக்கவே வலிக்காது.

– உன் கையில கட்டிப் பார்க்கட்டுமா? ஃபோர்ஸ்ல இருந்த மனுஷன்டா அவரு. ஸ்டேஷனுக்குள்ள அவர் பூட்ஸ் சத்தம் கேட்டா பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் அத்தனை பேரும் எழுந்து நிப்பான். எத்தனை ரவுடியை அடக்கின கை! அந்தக் கையிலயா துணியைச் சுத்துவீங்க?

– அந்தக் கையிலதான்.

– என்னம்மா முணுமுணுக்குறே?

– ஒண்ணுமில்ல. தொண்டை கட்டிக்கிச்சு.

– பாரு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. யாரையும் தெரியலைன்னு ஃபோன்ல கதை விட்டீங்களே? மகளைத் தெரியுது அவருக்கு.

– தெரியலை.

– சிரிக்கிறாரேம்மா!

– சிரிப்பாரு. நீ அவ்வளவு பக்கத்துல குனியாதே. இந்தப் பக்கம் வா.

– ஏன், அவர் என்ன கடிச்சிடுவாரா? இரு... மணிக்கட்டுல ஒரு தடம்கூட இல்லையே. நாளெல்லாம் கட்டிக் கிடந்தா சிவந்திருக்கணுமே. ஓஹோ. பெல் அடிச்சிட்டு வாசல்ல எவ்வளவு நேரம் நின்னேன்! உள்ள நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுது. கதவு ஓட்டையில நான்தான்னு பார்த்துட்டு, அப்புறம்தானே கட்டினே?

– ஆமா.

– ஆமாவா! வாய் கூசலையா உனக்கு?

– அதாவது அக்கா, எல்லாருக்கும் கட்டறதில்ல. சிலிண்டர்காரன் வந்தா கட்ட மாட்டாங்க. என் ஃப்ரெண்டு வந்து அப்பாகூட கேரம்கூட ஆடிட்டுப் போனான், அன்னிக்கெல்லாம்...

– டேய், போதும். வாயை மூடு.

– அவனை ஏம்மா அடக்குறே? ஊரான் வந்தா கட்டு கிடையாது, பெத்த மக வந்தா கட்டு. நான் தூக்கிட்டுப் போயிடுவேன்னு பயம், அதானே? தூக்கிட்டுத்தான் போகப்போறேன். வண்டி கீழே நிக்குது.

– எங்கே?

– என் வீட்டுக்கு. உன் பேத்தி தன் ரூமையே தாத்தாவுக்கு ஒழிச்சுக் குடுத்துட்டா. அங்கேயே கீழே பாய் போட்டுப் படுத்துக்கறாளாம். தாத்தா எழுந்தா நான் பார்த்துக்கறேன்மாங்குது அந்தக் குழந்தை. அவளுக்கு இருக்கிற ஈரம் உங்க ரெண்டு பேருக்கும் இல்ல.

– வேண்டாம்.

– உன்னைக் கேக்கலை.

– படி ஏற மாட்டாரு.

– லிஃப்ட் இருக்கு.

– புது இடம்னா கத்துவாரு.

– கத்தட்டும். கேட்டுக்கறோம்.

– உன் மாமியார் முகம் சுளிப்பாங்க.

– சம்பந்தியைக் கூட்டிட்டு வான்னு சொன்னதே அவங்கதான். இன்னும் என்ன சாக்கு வச்சிருக்கே?

– வர இஷ்டமில்லாத மனுஷனைக் கட்டாயப்படுத்தி இழுத்துட்டுப் போறது நல்லால்ல.

– கட்டாயமா? அந்தப் பேச்சை நீ பேசாதே! கட்டி வச்சிட்டு இஷ்டத்தைப் பத்திப் பேசுது பாரு. வயசானவங்களை இப்படி வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, தெரியுமா? அவர் வேலை பார்த்த ஸ்டேஷனுக்கே ஃபோன் போடறேன். வந்து பார்க்கட்டும், அவங்க ஐயா இருக்கிற கோலத்தை.

– போடு. ஆம்பளைப் போலீஸா அனுப்பச் சொல்லு.

– என்ன சொன்னே?

– காதுல விழுந்துச்சுல்ல.

– அதாவது அக்கா, அம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா...

– நீ அதாவதுன்னு ஆரம்பிச்சா அதுக்குப் பின்னாடி ஒரு நிஜமும் வராது. உன் பொண்டாட்டி எங்கடா? கிழவருக்குச் செய்யப் பிடிக்காம அம்மா வீட்டுல போய்ச் சொகுசா உக்காந்துட்டாளா?

– அவளைக் குத்தம் சொல்லாதே. நான்தான் அனுப்பினேன்.

– நீயாம்மா? எதுக்கு? சரி, குளிப்பாட்டறதுக்கு ஒரு பொண்ணு வந்துட்டிருந்தாளே?

– நின்னுட்டா.

– அதுக்கு முன்னாடி வந்தவ?

– அவளும்தான்.

– ஏம்மா? என்ன நடக்குது இந்த வீட்டுல?

– கேக்காதே. தெருவுல இன்னிக்கும் அவரைப் பெரிய ஐயான்னுதான் சொல்றாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். இந்த வீட்டு நாத்தம் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. உன் புருஷன் வீட்டு வாசப்படி ஏறவே கூடாது.

– நாத்தமாம்! நாத்தம் உன் மனசுலதான். தள்ளு, நானே அவிழ்க்கறேன்.

– தொடாதேங்கறேன்.

– விடு! கையை விடும்மா! ஐயோ, என்ன பிடி இது... வலிக்குதும்மா!

– வலிக்கட்டும். உன் பொண்ணு படுக்கிற ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?

– எதுக்கு?

– இருக்கா இல்லையா?

– எதுக்கும்மா? டேய், இவ எதுக்குடா தாழ்ப்பாளைக் கேக்குறா? நீயாவது சொல்லு. தரையைப் பார்க்காதே, என்னைப் பார்த்துச் சொல்லு!

– குளிப்பாட்ட வந்த பொண்ணு வேட்டி மாத்தப் போனப்ப, அவளை அப்பா பிடிச்சிட்டாருக்கா. ரெண்டு கையாலயும். அவ கத்தறா, விடலை. நான் ஓடி வந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன். அப்புறம் ஒருநாள் என் பொண்டாட்டியை.

– சீ! வாயைக் கழுவுடா! யாரைப் பத்திப் பேசுறே?

– அவ இன்னும் தனியாத் தூங்கறதில்லக்கா. ஃபோன் பண்ணினா அழறா. அதாவதுன்னு நான் ஆரம்பிக்கலை பாரு.

– அசிங்கம்... கடவுளே, என்ன அசிங்கம் இது. இப்பவும் சிரிக்கிறாரே! அந்தப் பக்கம் திருப்புடா நாற்காலியை.

– திருப்பிட்டேன்க்கா. உக்காரு. தண்ணி குடி.

– வேண்டாம்... இல்லம்மா, இது நோய். புத்தி மழுங்கிப் போனா இப்படியெல்லாம் வருமாம், எங்கேயோ படிச்சேன். டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரை தருவாரு. இது அப்பா இல்ல, நோய். அப்பா என்ன மாதிரி மனுஷன்!

– வண்டியைத் திருப்பி அனுப்பு.

– அனுப்பறேன். நீ மொதல்ல சொல்லு. நோய்தானே?

– கீழே ஹாரன் அடிக்கிறான் பாரு. போய் அனுப்பு.

– சொல்லும்மா. அவர் நல்லா இருந்த காலத்துல ஒரு பொம்பளை மேல கை பட்டிருக்குமா? நீதானே கூடவே இருந்தே? நல்லா இருந்தப்ப இந்தக் கை...

– நல்லா இருந்தப்ப இந்தக் கையைப் பிடிச்சு நிறுத்த எனக்கு வலு இல்ல. நோய் வந்தப்புறம்தான் முடியுது.