டிரைவர் இல்லாத கார்

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு காலை. ஆம்பூர் ஸ்டேஷனில் காட்பாடி பாசஞ்சருக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில், ஷூ கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சக்கர நாற்காலியில் அருகே இருந்தார்.

"எஸ்தர், இதக் கேளு. அமெரிக்காவுல டிரைவரே இல்லாம கார் ஓட்டிப் பாக்கறாங்களாம்."

"டிரைவர் இல்லன்னா என்னை யாரு தூக்கி உள்ள உக்கார வெப்பாங்க?"

அவர் பேப்பரை மறுபடி பார்த்தார். "அதப் பத்தி ஒண்ணும் போடல."

"கதவ அகலமா வெச்சி, சரிவா ஒரு பலகை கீழ எறங்கற மாதிரி செய்யட்டும். நாற்காலியோடயே ஏறிக்கறேன்."

"ஓடறப்ப நாற்காலி உருளுமே. பெல்ட் போட்டுக் கட்டணும்."

"கட்டட்டும். ஆனா நீங்க அதுல வரக் கூடாது."

"நான் இன்னா பண்ணேன்?"

"நான் மாடிப்படியில விழுந்ததுலேர்ந்து எங்க போனாலும் நீங்கதான் தூக்கினு போறீங்க. ஒரு நாளு நான் தனியா உங்க கம்பெனிக்கு வரணும். ஷிப்ட் முடிஞ்சி நீங்க வெளிய வர்றப்ப, கேட்டாண்ட உங்களுக்காகக் காத்துனு இருக்கணும்."

அவர் பேப்பரை மடித்தார். ரயில் வந்து நின்றது. அவர் குனிந்து எஸ்தரைத் தூக்கினார். அவர் குனிந்து எஸ்தரைத் தூக்கினார். எஸ்தர் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

படியில் கால் வைக்கும்போது அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"கேட்டாண்ட சாயந்திர வெயில் ஜாஸ்தி. புளியமரத்து நெழல்ல கார நிக்கச் சொல்லு."