கட்சிக்காரர் கௌதமனின் முழுக்கைச் சட்டை

என் பெயர் சசிதர், வயது 51, தகப்பனார் பெயர் சீனிவாசலு. கோவை கோபாலபுரத்தில் அலுவலகம் வைத்து, போதைப்பொருள் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வழக்காடி வருகிறேன். இறந்துபோன கௌதமன், வயது 23, என் கட்சிக்காரர். அவருடைய சாவு குறித்து ஆய்வாளர் இன்று விசாரிக்க, நான் சொல்வதாவது:

கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். கௌதமன் என்னிடம் எதையும் சொல்லவில்லை, நான் சொல்லவிடவில்லை. ஆகவே இந்த வாக்குமூலத்துக்குத் தடை ஏதுமில்லை.

கௌதமனின் பையில் கஞ்சா இருந்ததாகச் சென்ற ஆண்டு வழக்குப் பதிவாகி, அவர் ஜாமீனில் வந்த பிறகு, தாயார் பழனியாத்தாள் அவரை என்னிடம் அழைத்து வந்தார். பழனியாத்தாள் பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறார். உட்கார்ந்ததும் கௌதமன், "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்றார். நான், "சொல்லிப்போடாதே கண்ணு. எனக்குத் தெரியாத வரைக்கும்தான் உனக்காக வாய் கூசாம பேச முடியும்" என்றேன். எல்லாக் கட்சிக்காரர்களிடமும் நான் சொல்வது இது. அதன் பிறகு, வழக்கம்போல, முடி வெட்டிக்கொள்ளவும், வாய்தாவுக்கு வெள்ளை முழுக்கைச் சட்டையில் வரவும் சொன்னேன். சித்திரை வெயிலிலும் அவர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றியதில்லை. மற்ற கட்சிக்காரர்களுக்கு அவரை உதாரணமாகக் காட்டினேன்.

அதன் பிறகு பழனியாத்தாள் தனியாக வந்து, "ஏனுங்க வக்கீலய்யா, பையன் சோறு திங்கறதில்லீங்க, ராவெல்லாம் ஒடம்பு நடுங்குதுங்க. ஆஸ்பத்திரில சேத்துப்போடட்டுங்களா?" என்று கேட்டார். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்று சீட்டு எழுதினால் அரசுத் தரப்பு அதையே சாட்சியமாக்கிவிடும் என்று விளக்கி, "தீர்ப்பு வரட்டுங்க அம்மணி" என்றேன். அவர் நம்பினார்.

அதன் பிறகு விசாரணையில், கஞ்சாவை எடைபோட்ட தராசு யாருடையது என்று பிடித்த அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தேன். பக்கத்துத் தக்காளிக் கடைத் தராசு என்றார். அதில் அரசு முத்திரை இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரரையும் சாட்சியாக்கவில்லை. அன்று காலை முழுவதும் நீதிமன்றம் தராசைப் பற்றியே பேசியது. கூண்டில் நின்றவரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எடை நிரூபணமாகவில்லை என்று கௌதமன் விடுதலையானார்.

வாசலில் பழனியாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கௌதமன், "இப்பவாச்சும் சொல்லலாமுங்களா சார்?" என்றார். "அரசு அப்பீல் போறதுக்குக் கெடு இருக்குது கண்ணு. அது முடியட்டும், நாளெல்லாம் உக்காந்து கேக்கறேன்" என்றேன். அவர் சிரித்து, "அதுவரைக்கும் முழுக்கையேதானுங்களா?" என்றார். வேடிக்கை என்று நினைத்து நானும் சிரித்தேன்.

கெடு இன்னும் முடியவில்லை. நேற்று தகவல் கிடைத்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். வலி மாத்திரையைக் கரைத்துத் தானே ஊசியில் ஏற்றிக்கொண்டதில் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதே வெள்ளைச் சட்டை. அதன் இடது கை மட்டும் மேலே மடித்துவிடப்பட்டிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய ஊசித் தழும்புகள். பழனியாத்தாள் சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானையும் போட்டுவிட்டு, "என்னமோ சொல்லோணும் சொல்லோணும்னானே, என்னதானுங்க சொன்னான்?" என்று கேட்டார்.

போலீசாரிடம் தரும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்பதும் சட்டம். அப்படிக் கையெழுத்து வாங்கிய அதிகாரிகளை நான் கூண்டில் திணறடித்திருக்கிறேன். ஆய்வாளரும் அதை நினைவூட்டினார். எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம். இருந்தும், பின்னால் நானே இதை மறுக்க முடியாதபடி, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சசிதர்